எங்கே என்று கேட்ட பக்கத்து வீடு

போன சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் மகள் வீட்டைவிட்டுக் கிளம்பினாள். செருப்பை மாட்டிக்கொண்டே "போயிட்டு வரேம்மா" என்றாள். பதினாறு வயதில் அவள் தடுமாறாமல் சொல்லும் தமிழ் வாக்கியம் அது ஒன்றுதான். "சரி கண்ணு, வா" என்றேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவளுடைய கைபேசி அணைந்து கிடந்தது. ஆறு மணிக்கும் அப்படியே. அவளுடைய சிநேகிதிகளில் எனக்கு எண் தெரிந்த மூன்று பேரையும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஏழு மணிக்குப் போலீஸைக் கூப்பிட்டேன். எடுத்த பெண் பொறுமைசாலி. உயரம், உடை, முடியின் நீளம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பிறகு, எங்கே போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள் என்று கேட்டார்.

நான் கேட்கவில்லை. கிளம்புகிற ஆளிடம் அந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை.

ஏழரைக்கு மகள் வந்துவிட்டாள். மனுகாவ் மாலில் படம் பார்த்திருக்கிறாள், கைபேசியில் சார்ஜ் தீர்ந்திருக்கிறது, ரயில் ஓடாத நாளென்பதால் இரண்டு பஸ் மாறி, ஆக்லாந்தின் மறுகோடியில் எங்கள் வீடு இருக்கும் மாசிக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். கையில் பாதி தின்ற சிப்ஸ் பொட்டலம். "வாட்ஸ் ராங், மா?" என்று கேட்டுவிட்டு எனக்கும் ஒன்று நீட்டினாள்.

ஒரு வாரமாகிவிட்டது. அவள் நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள். வீட்டில் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் இன்னும் அவள் செருப்பை எடுத்தாலே கால் வாசலுக்குப் போகிறது. அப்படிப் போகும்போதெல்லாம் முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு குரல் காதில் விழுகிறது. அந்தக் குரல் இதே கேள்வியைத் தினமும் காலையில் கேட்டது. தமிழில் அல்ல, ஆங்கிலத்திலும் அல்ல.

அப்பா கரூர்ப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் பொறியாளராக இருந்தவர். படிப்புக்கும் அனுபவத்துக்கும் மதிப்பெண் போட்டு விசா கொடுத்த காலத்தில் விண்ணப்பித்து, கிடைத்து, என்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆக்லாந்து வந்தார். எனக்கு ஒன்பது வயது. விசா கொடுத்தவர்கள் வேலையும் வைத்திருப்பார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டு வந்தோம். மனுகாவுக்குப் பக்கத்தில், ஒரே கூரையின்கீழ் நடுவே சுவர் வைத்து இரண்டாக்கிய ஒரு வாடகை வீட்டில் குடியேறினோம். ஒரு பாதியில் நாங்கள். மறு பாதியில் தாஹிட்டி ஆண்ட்டி.

அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். உயரத்துக்குத் தகுந்த அகலம். ஒரு காதோரம் எப்போதும் பூ. குளிர்காலத்தில் பூ கிடைக்காதபோது துணிப்பூ. சாயங்காலத்திலிருந்து இரவு வரை ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் ஒரு சலவைக்கூடத்தில் வேலை. காலையில் ஓய்வு. ஓய்வு என்றால் வீட்டு முன்படியில் உட்கார்ந்து, தேங்காய் துருவிக்கொண்டோ நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டோ, தெருவில் போகிற எல்லோரையும் விசாரிப்பது.

"ஹாயெரே ஓயே இ ஹேயா?"

அவர் மொழியில் அதற்கு 'எங்கே போகிறாய்' என்று பொருள். நாம் 'சாப்டாச்சா' என்று கேட்பதைப்போல அவர் தீவில் அப்படிக் கேட்பார்களாம். தபால்காரரைக் கேட்பார். எதிர்வீட்டுப் பூனையைக் கேட்பார். தபால்காரர் பையைத் தட்டிக் காட்டிச் சிரிப்பார். பூனை நிற்காமல் போய்விடும்.

முதல் நேர்முகத் தேர்வுக்கு அப்பா கிளம்பிய காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நெற்றியில் விபூதிக் கீற்று, கழுத்தில் டை, கக்கத்தில் சான்றிதழ்க் கோப்பு. அம்மா முன்னால் போய்த் தெருவைப் பார்த்து, நல்ல சகுனம் என்று எதுவும் இந்த ஊரில் எதிரே வராது என்று தெளிந்து, கெட்டதும் வரவில்லை என்பதோடு திருப்தியாகி, "வாங்க" என்றாள். அப்பா வலது காலை வைத்து இறங்கினார். படியில் இருந்த ஆண்ட்டி முகம் மலர்ந்து கேட்டார். எங்களுக்குப் புரியாமல் போய்விடக் கூடாதே என்று ஆங்கிலத்திலும் ஒருமுறை சொன்னார். "வேர் யூ கோ?"

அப்பா நின்றார். சிரித்தார். திரும்பி வீட்டுக்குள் வந்து ஷூவைக் கழற்றி நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்தார். எங்கே என்று யாராவது கேட்டுவிட்டால் அந்தக் காரியம் விளங்காது, உள்ளே வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் புதிதாகக் கிளம்ப வேண்டும். ஊரில் இதை யாரும் விளக்கத் தேவையில்லை. அங்கே கேட்க மாட்டார்கள். தெரிந்தே ஆகவேண்டும் என்றால் "தூரமா?" என்பார்கள். அதோடு சரி.

அப்பா புதிதாகக் கிளம்பினார். ஆண்ட்டிக்கும் அது புதிதாகத்தான் இருந்தது. இன்னும் உற்சாகமாகக் கேட்டார். அப்பா மறுபடி உள்ளே வந்தார். மூன்றாவது தடவை அம்மா ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்து, "நகத்தை ஊதிக்கிட்டு இருக்கா, இப்பப் போயிருங்க" என்றாள். ஆண்ட்டி நகத்தை ஊதிக்கொண்டே கேட்டார். அன்றைக்குப் பஸ் போய்விட்டது. வேலையும் போய்விட்டது என்று ஒரு வாரம் கழித்துக் கடிதம் வந்தது.

அடுத்த தேர்வுகளுக்கு அப்பா கொல்லைப்பக்கமாகப் போனார். துணி காயப்போடும் கம்பியைக் குனிந்து கடந்து, எலுமிச்சை மரத்தை ஒட்டி வேலிப் பலகை ஒன்று பெயர்ந்திருந்த இடத்தில் உடம்பைக் குறுக்கி நுழைந்து அடுத்த தெருவுக்குப் போவார். ஆலையில் இருநூறு பேரை மேய்த்தவர். ஒருநாள் டை முள்ளில் மாட்டிக்கொண்டது. நான்தான் எடுத்துவிட்டேன். "அம்மாகிட்ட சொல்லாத" என்றார். அம்மா சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

கொல்லைவழி போனாலும் கடிதங்கள் அதே மாதிரி வந்தன. அப்பா அவற்றை நின்றுகொண்டே படிப்பார். ஒன்றை மட்டும் அம்மா வாங்கி, படிக்கத் தெரியாத ஆங்கிலத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "எல்லாம் முதல் நாள் கேட்டதோட வெனைதான்" என்றாள். பிறகு என்னைக் கூப்பிட்டு ஒரு தட்டில் முறுக்கை அடுக்கிக் கொடுத்தாள்.

"நீ போய்ப் பக்குவமாச் சொல்லிட்டு வா கண்ணு. கேக்க வேணாம்னு. மனசு நோகாமச் சொல்லணும்."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற ஒரே ஆள் நான் என்பதால் எல்லாப் பாஷைக்கும் நான்தான் பொறுப்பு.

முதல் நாள் போய் முறுக்கைக் கொடுத்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமல், அவர் கொடுத்ததைத் தின்றுவிட்டு வந்தேன். தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்த மாவை எட்டு மாதிரி முறுக்கிப் பொரித்து, சர்க்கரையில் புரட்டிய பலகாரம். ஃபிரிஃபிரி என்றார். தட்டு நிறைய வைத்து அனுப்பினார். அம்மா ஒன்றைப் பிட்டு வாயில் போட்டு, "தேங்காப்பால் வாசம்" என்று மட்டும் சொன்னாள், ஆனால் இரண்டு தின்றாள். அடுத்த நாள் பதிலுக்கு அதிரசம் போயிற்று. இப்படி ஒரு பத்து நாள் தூது நடந்தது.

அவர் எனக்கு எதையும் கற்றுக்கொடுத்ததில்லை. பேசிக்கொண்டே இருப்பார், சொற்கள் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். பார்த்தவுடன் இயா ஓரானா. கிளம்பும்போது நானா. குழாயைத் திறந்தால் பாபே, தண்ணீர். பலகாரத்தை வாங்கிக்கொண்டு மாவுரூரு என்றால் நன்றி, அதற்கு அவர் ஐத்தா பேயாபேயா என்பார், பரவாயில்லை என்று. சோறு வெந்துவிட்டால் தெருவில் போகிற முன்பின் தெரியாதவரையும் ஹாயெரே மாய் தாமாஆ, வா சாப்பிடலாம் என்று கூப்பிடுவார். யாரும் வந்து நான் பார்த்ததில்லை. மழை விடாமல் பெய்தால், துணி காயாவிட்டால், சலவைக்கூடத்து மேலாளர் நினைவுக்கு வந்தால் ஒரே சொல்தான், ஃபியூ. அலுத்துப்போச்சு என்பதை அவ்வளவு சின்னதாகச் சொல்லலாம் என்பது எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து கணக்குப் பாடத்தைப் பார்த்து ஃபியூ என்பேன். அப்பா ஒருநாள் கடிதம் ஒன்றை மடித்து வைத்துவிட்டு மெதுவாக ஃபியூ என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

ஆண்ட்டி வீட்டுச் சுவரில் ஒரு படம் இருந்தது. தொப்பி போட்ட ஓர் ஆள், படகு ஒன்றின் விளிம்பில் சாய்ந்துகொண்டு. அவருடைய வீட்டுக்காரர். புதிய சொற்களைப் பயன்படுத்திப் பார்க்கும் ஆசையில் படத்தைக் காட்டி, எங்கே போனார் என்று அவருடைய மொழியிலேயே கேட்டேன். வேலை சரியாகச் செய்த பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"ஐத்தா வாவ் இ இதே" என்றார்.

தெரியாது என்று அர்த்தம். அதையும் ஒரு புது வாக்கியமாக மனசில் குறித்துக்கொண்டு, தட்டில் இருந்ததைத் தின்றேன்.

கடைசியில் ஒருநாள் அம்மா கோபித்துக்கொண்டாள். "முறுக்குச் சுட்டே என் கை போச்சு. சொன்னியா இல்லியா?" அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று போனேன். பக்குவமாகத்தான் ஆரம்பித்தேன். எங்கே என்று கேட்காமல் 'தூரமா' என்று கேட்கலாமே என்றேன். ஆண்ட்டி யோசித்துப் பார்த்தார்.

"ஃபார், நோ ஃபார், சேம் சேம். வேர்?"

தூரம் தெரிந்து என்ன செய்வது, இடம் தெரிய வேண்டாமா என்கிறார். நியாயமாகத்தான் பட்டது. நியாயத்தை எதிர்த்து எப்படிப் பேசுவதென்று தெரியாமல் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நேரடியாகச் சொல்லிவிட்டேன்.

"யூ ஆஸ்க், பேட் லக். மை டாட், நோ ஜாப்."

"மீ?" என்றார் ஆண்ட்டி. "மீ, பேட் லக்?"

"ஏ" என்றேன். அவர் மொழியில் ஆமாம். இவ்வளவு பெரிய விஷயத்தை அவர் மொழியிலேயே முடித்ததில் எனக்குப் பெருமை.

ஆண்ட்டி கையிலிருந்த துருவலைக் கிண்ணத்தில் உதறினார். பிறகு ஐத்தா பேயாபேயா என்று எழுந்துபோய், அம்மாவின் தட்டைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். வெறுந்தட்டு. வீட்டுக்கு வந்து, சொல்லிவிட்டேன் என்றேன். அம்மா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மனசு நோகாமச் சொன்னியா?" என்று கேட்டாள். சொன்னேன் என்றேன்.

அதற்குப் பிறகு அப்பா முன்வாசல் வழியாகவே போனார், நிமிர்ந்து. அவர் படியிறங்கும்போது ஆண்ட்டி நகத்தைப் பார்த்துக்கொள்வார். அவர் தாண்டியதும் பின்னால் வரும் தபால்காரரை வழக்கம்போல விசாரிப்பார். எங்கள் மூன்று பேரை மட்டும் கேட்பதில்லை. பூனையைக் கேட்பார். முதல் நாள் அப்பா இரண்டு அடி போய் ஒருகணம் நின்றார். எதையோ மறந்துவிட்டுக் கிளம்பியவர் மாதிரி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

கடிதங்கள் மட்டும் மாறவில்லை.

கோடை முடிகிற சமயம். ஒருநாள் காலை ஒன்பதரைக்கு அப்பா கோப்போடு கிளம்பினார். எங்கே என்று அவர் சொல்லவில்லை. நடப்பதற்கு முன் சொன்னால் நடக்காது. அம்மா கேட்கவில்லை. ஆண்ட்டியும் கேட்கவில்லை. மதியம் இரண்டு மணிக்குள் வந்துவிடுவது வழக்கம். நான் பள்ளிவிட்டு மூன்றரைக்கு வந்தபோது அவருடைய தட்டு மூடியபடி இருந்தது. ஐந்து மணிக்கு அம்மா வாசலைப் பெருக்கினாள். ஐந்தரைக்கு மறுபடி பெருக்கினாள். ஆறு மணிக்கும் வெயில் மத்தியானம் மாதிரி அடித்தது. இந்த ஊரில் பொழுதுகூட எப்போது சாயும் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்களுக்கு வேறு ஆள் தெரியாது. யாரைக் கூப்பிட்டு எந்த இடத்தைச் சொல்லித் தேடச் சொல்வது என்றும் தெரியாது.

ஆறரைக்கு அம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, செருப்பில்லாமல் பக்கத்து வீட்டுப் படியேறினாள். குடிவந்து அத்தனை மாதத்தில் அவள் போவது அதுதான் முதல் தடவை. ஆண்ட்டி வேலைக்குப் போவதற்காகச் சலவைக்கூடத்து வேனில் பையை வைத்துக்கொண்டிருந்தார்.

"ஹஸ்பண்ட் நோ கம்" என்றாள் அம்மா. அவளிடம் இருந்த ஆங்கிலம் அதோடு தீர்ந்துவிட்டது.

ஆண்ட்டி வாயைத் திறந்தார். "ஹாயெரே" என்று பாதி வந்ததை விழுங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"வேர் ஹீ கோ?"

அம்மா கையை விரித்தாள்.

"யூ வைஃப். யூ நோ ஆஸ்க்?"

"நம்ம பக்கம் கேக்க மாட்டோம்னு சொல்லு கண்ணு" என்றாள் அம்மா. நான் சொன்னேன். ஆண்ட்டி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தைக் காட்டினார்.

"மீ, நோ ஆஸ்க். ஓகே. பட் மீ லுக்." தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். "பஸ், ஈஸ்ட் டாமாக்கி. டுடே, ஈஸ்ட் டாமாக்கி."

கேட்கக் கூடாது என்றுதானே சொன்னேன். பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லையே.

வேன் கதவைத் திறந்து ஹாயெரே மாய் என்றார். அம்மா தயங்கினாள். அதற்குள் அப்பா வந்துவிட்டால்? ஓடிப்போய் ஒரு காகிதத்தில் எழுதிக் கதவில் ஒட்டினாள்: 'தேடப் போயிருக்கோம். சாவி மிதியடிக்கு அடியில.' தமிழில் எழுதியிருப்பதால் திருடன் படிக்க மாட்டான் என்றாள். என்னிடம், "தண்ணி எடுத்துக்க" என்றாள். பள்ளிக்கூடத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டேன்.

வேனுக்குள் கஞ்சி போட்ட துணியின் வாசனை. முன்னால் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம், நான் நடுவில். ஈஸ்ட் டாமாக்கியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பெரிய பெரிய கிடங்குகள், தகரக் கூரைகள், சாத்திய இரும்புக் கதவுகள். வேலை முடிந்து எல்லோரும் போய்விட்டதால் அகலமான தெருக்களில் எங்கள் வேனைத் தவிர ஒன்றும் அசையவில்லை. ஒவ்வொரு கட்டடமும் முந்தையதைப் போலவே இருந்தது. காவலாளி நிற்கிற இடத்திலெல்லாம் ஆண்ட்டி நிறுத்தி, ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, "இண்டியன் மேன்? டை? ஃபைல்?" என்று கேட்டார். நான்காவது காவலாளி, மத்தியானம் அப்படி ஒருவர் கடல் பக்கமாக நடந்து போனதாகக் கையைக் காட்டினார். அம்மா இரண்டு கையாலும் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சலவைக்கூடத்தில் ஆண்ட்டியின் வேலைநேரம் தொடங்கியிருக்கும். அவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

காட்டிய திக்கில் கொஞ்ச தூரம் போனதும் அப்பாவைப் பார்த்தோம். ஒரு பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டையைக் கழற்றி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். மடியில் கோப்பு. காயமில்லை, கட்டில்லை. யாருக்காகவோ காத்திருப்பவர்போலத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் வேன் தன் முன்னால் வந்து நின்றதைப் பார்க்கவில்லை.

அம்மா கதவைத் திறக்கப் போனாள். ஆண்ட்டி அவள் தோளில் கைவைத்து நிறுத்திவிட்டு, அவள் பக்கத்து ஜன்னல் வழியாகக் குனிந்து, காலையில் படியில் உட்கார்ந்து கேட்கிற அதே குரலில், அதே உற்சாகத்தோடு கேட்டார்.

"ஹாயெரே ஓயே இ ஹேயா?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா நிமிர்ந்தார். ஆண்ட்டியைப் பார்த்தார். பிறகு அம்மாவை, பிறகு என்னை. அவ்வளவு நேரம் எடுத்து அவர் எதையும் யோசித்து நான் கண்டதில்லை.

"வீட்டுக்கு" என்றார்.

தமிழில்தான் சொன்னார். ஆண்ட்டிக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை. "மாய்தாய்" என்றார். நல்லது.

எனக்கு ஒரே பதற்றம். கேட்டுவிட்டார்களே. உள்ளே போய் உட்கார வீடு இல்லை. நாற்காலி இல்லை. தண்ணீர் மட்டும் இருந்தது. பாட்டிலைத் திறந்து நீட்டினேன். அப்பா பெஞ்சில் உட்கார்ந்தபடியே வாங்கிக் குடித்தார். ஒரு வாய் போதும். அவர் கடைசிச் சொட்டுவரை குடித்தார். அப்புறம் பின்கதவைத் திறந்து ஏறி, சலவை மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். ஆண்ட்டி அந்த அகலத் தெருவில் வேனை முழுசாகத் திருப்பினார். எங்கள் வாசலில் இறங்கும்போது அம்மா சொன்னாள், "மாவுரூரு." என்னிடமிருந்து எப்போது பிடித்தாளோ தெரியாது.

அன்றைக்கு அந்தக் கம்பெனியில் அப்பாவின் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, கிடங்கில் பெட்டி அடுக்குகிற வேலை வேண்டுமானால் இருக்கிறது என்றார்களாம். மறுநாள் காலை அப்பா டை கட்டாமல், கோப்பை எடுக்காமல் அந்த வேலைக்குக் கிளம்பினார். படியில் ஆண்ட்டி நகத்தைப் பார்த்துக்கொண்டார். அப்பா அவர் எதிரே போய் நின்றார். தொண்டையைச் செருமினார். ஆண்ட்டி என்னைப் பார்த்தார். "ஏ" என்றேன். அவர் அம்மாவையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். அம்மா வாசற்படியில் சாய்ந்து, "கேக்கட்டும்" என்றாள்.

அவர் கேட்டார். அப்பா "ஈஸ்ட் டாமாக்கி" என்று பதில் சொல்லிவிட்டுத் திரும்பி வராமல் போனார். ஒரு மாதத்தில் ஆண்ட்டியின் மொழியிலேயே சொல்லக் கற்றுக்கொண்டார், "இ தே ஓஹிபா". வேலைக்கு. அம்மா தன் கொள்கையை விட்டுவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். தினமும் அப்பா கிளம்புவதற்கு முன்பே நாற்காலியில் உட்காரவைத்து ஒரு வாய் தண்ணீர் கொடுத்துவிடுவாள், வரப்போகிற கேள்விக்கு முன்கூட்டியே. அந்த வாரம் முறுக்குத் தட்டு போயிற்று. ஃபிரிஃபிரியோடு திரும்பி வந்தது.

இரண்டு வருஷத்தில் அப்பாவுக்குப் படிப்புக்கேற்ற வேலை கிடைத்து நாங்கள் வேறு பக்கம் குடிபோனோம். வேறு வீடுகளில் யாரும் கேட்கவில்லை. எங்கள் பழைய வழக்கம் தானாகத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது, போன சனிக்கிழமைவரை.

இப்போது அப்பாவும் அம்மாவும் எங்களோடு மாசியில் இருக்கிறார்கள். இந்த வாரம் முழுக்க வாசலில் நின்று எல்லோரையும் கேட்கிறேன். மகள், "ஸ்கூல், மா. வேர் எல்ஸ்?" என்று கண்ணை உருட்டுகிறாள். அம்மா சமையலறையிலிருந்து தண்ணீரோடு வருகிறாள். முதல் நாள் அப்பாவைக் கேட்டபோது, ஷூவை மாட்டிக்கொண்டிருந்தவர் கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். பிறகு "இ தே ஓஹிபா" என்று சொல்லிவிட்டு தெருமுனை டெய்ரிக் கடைக்குப் பால் வாங்கப் போனார்.

ஒன்பது வயதில் எனக்குப் புரியாத ஒன்று உண்டு. பல வருஷம் கழித்து, வேலை விஷயமாக ஈஸ்ட் டாமாக்கியில் அதே தெருவில் காரை ஓட்டிப் போனபோதுதான் கவனித்தேன். அந்த பெஞ்ச், வீட்டுக்குப் போகிற பஸ் நிற்கும் பக்கத்தில் இல்லை. எதிர்ப்பக்கம் இருக்கிறது. அங்கே நிற்கிற பஸ் இன்னும் கிழக்கே, கடல்வரை போகிறது. அன்று ஆண்ட்டி வேனைத் திருப்ப வேண்டியிருந்தது அதனால்தான். புது ஊர், பக்கம் தெரியாமல் உட்கார்ந்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது. நம் ஊரிலும் வண்டிகள் இடப்பக்கம்தான் ஓடுகின்றன. மத்தியானத்திலிருந்து எத்தனை பஸ்ஸைப் போகவிட்டார், எந்தப் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தார் என்று நான் அவரைக் கேட்டதில்லை. பெஞ்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பார்த்ததுமே ஆண்ட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும். சுவரில் வீட்டுக்காரரின் படத்தை மாட்டிக்கொண்டு, எங்கே போனார் என்பதற்குப் பதில் தெரியாமல் இருந்தவர் அவர்.

எனக்குத் தெரிந்ததெல்லாம், கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டார்கள், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டால் சரியாகிவிடும் என்பதுதான். அதனால்தான் பாட்டிலை நீட்டினேன். அப்பா முழுவதையும் குடித்தபோது, தாகம் போல என்று நினைத்துக்கொண்டேன்.